மன்சனார் வகுப்பறையும் செட்டிகுளம் வகுப்பறையும்

(கிளிநொச்சியில் வரலாற்று ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வன்னிப் பிள்ளைக்கு அமெரிக்க வரலாறு எதற்கு? இந்தக் கேள்வியைத் தந்துதான் என்னை இங்கே பேச அழைத்தார்கள். கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. நம் சொந்தப் போரே பாடப்புத்தகத்தில் இல்லாதபோது, கடல் கடந்த ஒரு நாட்டின் கதையை மனப்பாடம் செய்து என்ன காணப்போகிறோம் என்பதுதான் அந்தக் குத்தல். அது நியாயமானது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் இந்த உரைக்குப் பொருள் இல்லை.

முதலில் நம் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம். 1970களில் சமூகக் கல்விக்குள் கரைந்துபோன வரலாறு, 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு மறுபடி தனிப்பாடமாக வந்தது. தரம் 11 புத்தகத்தில் அமெரிக்கா முக்கியமாக இரண்டு இடங்களில் தலைகாட்டுகிறது. உலகப் புரட்சிகள் பற்றிய அலகில் அமெரிக்கச் சுதந்திரப் போர். உலக யுத்தங்கள் பற்றிய அலகில் பேர்ள் துறைமுகமும் அணுகுண்டும். 1776க்கும் 1941க்கும் இடையில் 165 ஆண்டுகள். ஒரு பாய்ச்சலில் பிள்ளை அதைத் தாண்டிவிடும். "1941 டிசெம்பர் 7இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது, அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது" என்று எழுதினால் வினாத்தாளில் புள்ளி கிடைத்துவிடும். அதோடு அந்த வரி முடிந்துவிடும்.

நான் அந்த ஒரு வரியை இன்று முடிக்க விடப்போவதில்லை. அதற்கு அடுத்த வரி என்னவென்று கேட்போம். அந்த டிசெம்பரில் கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் யப்பானியத் தாய் தகப்பனுக்குப் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன நடந்தது?

1942 பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்று ஆணையில் கையெழுத்திட்டார். ஆணையில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இராணுவத் தளபதிகள் தேவை என்று கருதும் பகுதிகளிலிருந்து யாரையும் வெளியேற்றலாம் என்று மட்டும் இருந்தது. நடைமுறையில் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 120,000 யப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்து, பிறப்பாலேயே குடியுரிமை பெற்றவர்கள். கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். கடை, தோட்டம், படகு எல்லாம் வந்த விலைக்குப் போயின. யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட அதே ஏப்ரலில் அங்கே இந்த வெளியேற்றம் நடந்துகொண்டிருந்தது.

பாலைநிலங்களிலும் சதுப்பு நிலங்களிலுமாகப் பத்து முகாம்கள். கலிபோர்னியாவில் மன்சனார் என்ற இடத்தில் இருந்தது ஒன்று. மரப்பலகைக் கொட்டில்கள், சுற்றிவர முட்கம்பி, காவற்கோபுரங்கள், ஏறத்தாழ 10,000 பேர். அங்கே பள்ளிக்கூடமும் நடந்தது. தொடக்கத்தில் கதிரை மேசை இல்லை, புத்தகம் போதவில்லை, பிள்ளைகள் தரையில் இருந்து படித்தார்கள். காலையில் அமெரிக்கக் கொடிக்கு விசுவாச உறுதிமொழி. பிறகு அமெரிக்க வரலாறு, அரசியல் யாப்பு, குடிமக்களின் உரிமைகள். யாப்பின் 14ஆவது திருத்தம் 1868இல் நிறைவேறியது என்றும், சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமபாதுகாப்பு உண்டு என்றும் படிப்பித்த வகுப்பறையின் யன்னலுக்கு வெளியே துப்பாக்கியோடு காவலாளி.

இதைக் கேட்கும்போது இந்த மண்டபத்தில் பலருக்குச் செட்டிகுளம் நினைவுக்கு வந்திருக்கும். வராமல் இருக்க முடியாது. 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த மூன்று இலட்சம் வரையான மக்கள் வவுனியாவிலும் அதைச் சுற்றியும் முகாம்களில் வைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் இருந்தது செட்டிகுளம் மெனிக் பாம். அந்த ஆண்டு டிசெம்பர் வரை சுதந்திரமாக வெளியே போய்வர அனுமதி இல்லை. கடைசிக் குடும்பங்கள் வெளியேறி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். 2009 ஓகஸ்டில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து மூன்று மாதம்கூட நிறையாத நிலையில், அந்த முகாம்களுக்குள் இருந்து நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே ஆசிரியர்களாக உட்கார்ந்திருக்கலாம்.

அதற்காக மன்சனாரும் மெனிக் பாமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது வரலாறு அல்ல, ஆவேசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பதே வரலாற்று மாணவரின் வேலை. மன்சனாருக்கு வந்தவர்கள் ஷெல்லடிக்குள்ளிருந்து வரவில்லை. வீட்டிலிருந்து, பூட்டிய கடையிலிருந்து வந்தார்கள். செட்டிகுளத்துக்கு வந்தவர்கள் பதுங்குகுழிகளிலிருந்தும் பிணங்களைத் தாண்டியும் வந்தார்கள். அங்கே அடைத்த காரணம் வம்சாவளி என்று ஆவணத்திலேயே நிறுவலாம். இங்கே சொல்லப்பட்ட காரணம் கண்ணிவெடியும் பாதுகாப்புச் சோதனையும். அங்கே ஒருவர் தன் பெயரில் உயர் நீதிமன்றம் வரை போக முடிந்தது. இப்படி இரண்டு நிரலில் எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்று விளங்கும்: ஒப்பிடுவது என்றால் சமன்படுத்துவது அல்ல.

இப்போது மூலாதாரங்களுக்கு வருவோம். தரம் 10 வரலாற்றின் முதல் அலகே மூலாதாரங்கள்தான். மகாவம்சம், கல்வெட்டு, நாணயம் என்று படிப்பிக்கிறோம். அந்த அலகு முடிந்ததும் மூலாதாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம். மன்சனார் அந்தப் பெட்டியைத் திறக்க நல்ல இடம், ஏனென்றால் அந்த ஒரே முகாமை மூன்று பேர் படம் பிடித்திருக்கிறார்கள்.

முதலாமவர் டொரத்தியா லாங். 1942இல் முகாம்களை நடத்திய அரச நிறுவனமே அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அவருக்கு இந்த வெளியேற்றத்தில் உடன்பாடு இல்லை. அது படங்களில் தெரிந்தது. இராணுவம் பல படங்களைப் போர் முடியும் வரை வெளியே விடாமல் முடக்கிவைத்தது. இரண்டாமவர் அன்சல் அடம்ஸ், மலைகளைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். 1943இல் முகாம் பணிப்பாளரின் அழைப்பில் வந்தார். காவற்கோபுரத்தையும் முட்கம்பியையும் எடுக்கக்கூடாது என்பது அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அவருடைய படங்களில் சிரித்த முகங்கள், விளையாட்டு, பள்ளிக்கூடம், பின்னால் பனிமலை. மூன்றாமவர் டொயோ மியாடாகே. லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்ரூடியோ வைத்திருந்தவர், இப்போது குடும்பத்தோடு கைதி. கமரா கொண்டுவரத் தடை. அவர் ஒரு வில்லையை மறைத்துக் கொண்டுவந்து, மரத்தால் ஒரு பெட்டி செய்வித்துக் கமராவாக்கினார். பின்னர் முகாமின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராகவும் ஆனார்.

ஒரே முகாம், மூன்று கண்கள். எது உண்மை என்று பிள்ளைகளிடம் கேட்டால் உடனே மியாடாகே என்பார்கள். அங்கேதான் ஆசிரியர் நிறுத்த வேண்டும். கைதி எடுத்த படமும் ஒரு தெரிவுதான். அடம்ஸ் எடுத்த சிரிப்பும் பொய் இல்லை. முகாமிலும் பிள்ளைகள் சிரித்தார்கள், செட்டிகுளத்திலும் கிரிக்கெட் விளையாடினார்கள். யார் எடுத்தார், யாருடைய அனுமதியோடு, யாருக்குக் காட்ட, எதை எடுக்க விடவில்லை: இந்த நாலு கேள்விகளும் கைவந்துவிட்டால் அந்தப் பிள்ளை எந்தப் படத்தையும் எந்த அறிக்கையையும் வெறுங்கண்ணால் பார்க்காது.

இனி என் பேச்சின் நடுப்பகுதி. பாடப்புத்தகம் எப்படி மாறுகிறது?

பிரெட் கொரமட்சு என்ற இளைஞர் வெளியேற மறுத்துக் கைதானார். 1944 டிசெம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இராணுவத் தேவை என்று அரசாங்கம் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு நீண்ட மௌனம். அரசாங்கம் மட்டும் மௌனமாக இருக்கவில்லை, வீடுகளும்தான். முகாமில் இருந்த பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வெட்கம், பயம், பழையதைக் கிளறி என்ன பயன் என்ற எண்ணம். நம் வீடுகளுக்கு இது புதிய செய்தி அல்ல. 1960களின் கடைசியில் மூன்றாம் தலைமுறை கேட்கத் தொடங்கியது. 1969 டிசெம்பரில் இளையவர்கள் குழுவாக மன்சனாருக்குப் பயணம் போனார்கள்.

அப்படிக் கிளம்பிய அசைவில்தான் ஐக்கோ ஹெர்சிக்-யோஷினாகா என்ற பெண் வருகிறார். 1942இல் லொஸ் ஏஞ்சலிஸில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தவர். படிப்பு முடியும் தறுவாயில் மன்சனாருக்கு அனுப்பப்பட்டார். வரலாற்றில் பட்டம் பெற்றவர் அல்லர். அலுவலக வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். நடுவயது தாண்டியபின் வொஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய், நாள்தோறும் கடதாசிகளைப் புரட்டி, பிரதியெடுத்து, வகைப்படுத்தினார். 1982இல் ஓர் ஆவணக் காப்பாளரின் மேசையில் கிடந்த அறிக்கை ஒன்று அவர் கண்ணில் பட்டது. வெளியேற்றத்தை நடத்திய ஜெனரல் டிவிற்றின் இறுதி அறிக்கையின் முதல் வடிவம் அது. யார் விசுவாசி, யார் இல்லை என்று விசாரித்துப் பிரிக்க நேரம் போதவில்லை என்பதே அரசாங்கம் வெளியே காட்டிய நியாயம். முதல் வடிவத்தில் இருந்தது வேறு: எவ்வளவு நேரம் கொடுத்தாலும் இந்த மக்களில் அப்படிப் பிரிக்கவே முடியாது. இந்தப் பதிப்பை மாற்றி எழுதி, பழைய பிரதிகளை அழிக்க உத்தரவிட்டிருந்தார்கள். ஒரு பிரதி தப்பியிருந்தது.

அந்தப் பிரதியும், பீற்றர் ஐயன்ஸ் என்ற சட்ட வரலாற்றாய்வாளர் கண்டெடுத்த நீதித் திணைக்களத்தின் உள்குறிப்புகளும் சேர்ந்து, 1983இல் கொரமட்சுவின் குற்றத்தீர்ப்பை ஒரு நீதிமன்றம் நீக்கக் காரணமாயின. அதே காலத்தில் காங்கிரஸ் அமைத்த ஆணைக்குழு 750க்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. முகாம்களுக்குக் காரணம் இனத் துவேஷம், போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி என்று எழுதியது. 1988 ஓகஸ்டில் சட்டம் வந்தது: மன்னிப்பும், உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலரும். மன்சனார் 1992இல் தேசிய வரலாற்றுத் தலமானது. கலிபோர்னியாவில் 2011 முதல் ஜனவரி 30ஐக் கொரமட்சுவின் பெயரில் நினைவுகூருகிறார்கள். இன்று அங்கே அமெரிக்க வரலாறு படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு 9066 தெரியாமல் இருக்க வழியில்லை.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் வீட்டில் ஒரு கேள்வி. அடுத்தது ஒரு கடதாசி. பிறகு சாட்சியம், அதன்பின் சட்டம். பாடப்புத்தகம் எல்லாவற்றுக்கும் கடைசி. நாமோ பாடப்புத்தகத்தை முதலில் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

தப்பிய அந்த அறிக்கை யாருடையது என்பதும் முக்கியம். அது வென்றவன் எழுதியது. நமக்குப் பழகிய உதாரணம் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான் என்று சொல்வதற்காக நாட்டிய கல் அது. பண்டார வன்னியன் அங்கே எதிர்த்து நின்றான் என்பதற்கு இன்று நாம் காட்டும் சான்றும் அதே கல்தான். எதிர்த்தரப்பின் ஆவணம் என்று ஒதுக்குபவர் வரலாற்று மாணவர் ஆகமாட்டார்.

இங்கே யாராவது கேட்கலாம்: அமெரிக்காவிடம் போய் நீதி படிப்பதா? இல்லை. அமெரிக்கா 46 ஆண்டுகள் கழித்துத்தான் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் முகாமில் இருந்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். அடிமைகளாக இருந்த மக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை வரவில்லை. அவர்களுடைய உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதன்பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்து ஆட்சியில் பங்கெடுத்த சில ஆண்டுகளைப் பள்ளிப் புத்தகங்கள் ஊழலும் குழப்பமும் நிறைந்த காலமாகவே எழுதிவந்தன. 1935இல் வரலாற்றாசிரியர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் அந்தக் காலத்தைப் பற்றிய தன் பெருநூலின் கடைசி இயலில் அப்போது வகுப்புகளில் இருந்த பாடப்புத்தகங்களை எடுத்து, அவை எதை எப்படி மறைக்கின்றன என்று காட்டினார். அவருடைய வாதத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் ஏற்க 1960கள் வரை போனது. அந்த நாட்டை முன்மாதிரியாகக் காட்ட நான் வரவில்லை. ஒரு நாடு தன் பாடப்புத்தகத்தோடு எவ்வளவு காலம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும் என்பதற்குக் கணக்குக் காட்டுகிறேன்.

இனி நமக்கே கசக்கும் பகுதி. அந்த 1988 சட்டத்தின் முதல் கொடுப்பனவுகள் வொஷிங்டனில் முதியவர்களின் கையில் சேர்ந்தது 1990 ஒக்டோபரில். அதே 1990 ஒக்டோபரில் வடக்கில் என்ன நடந்தது? விடுதலைப் புலிகளின் உத்தரவில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் எல்லா இடத்திலிருந்தும், 70,000க்கு மேற்பட்டவர்கள் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். சில இடங்களில் சில நாள் அவகாசம், யாழ்ப்பாணத்தில் சில மணி நேரம். கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். முள்ளியவளைத் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் பக்கத்து வீட்டுக்காரராக வாழ்ந்தவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் பிள்ளை வளர்த்தார்கள். காரணம் சொல்லப்பட்டபோது பாதுகாப்பு என்றே சொல்லப்பட்டது. மன்சனாரைப் படித்து ஜெனரல் டிவிற்றைக் குற்றம் சொல்லும் பிள்ளை, அதே கேள்வியை இங்கே கேட்க வேண்டாமா? முள்ளிவாய்க்கால் பாடப்புத்தகத்தில் இல்லை என்று நாம் கேட்கும் உரிமையும், 1990 நம் பேச்சிலும் இருக்க வேண்டும் என்ற கடமையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியாது.

இன்னொன்று. மன்சனாரில் அடைக்கப்பட்ட பிள்ளைகள் 1868இன் திருத்தத்தால் பிறப்பிலேயே குடிமக்கள். அவர்களின் பெற்றோருக்குக் குடியுரிமை கேட்கவே 1952 வரை வழியில்லை. இலங்கையில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிறந்த இடத்தைப் பார்க்காமல் பரம்பரையைப் பார்த்தது. தோட்டங்களில் பிறந்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1958, 1977 இனக்கலவரங்களுக்குப் பிறகு அந்த மக்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டி, இந்தக் கிளிநொச்சியையும் வவுனியாவையும் வயலாக்கியவர்களில் அவர்களும் உண்டு. இந்த மண்டபத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் வன்னி வரலாற்றின் ஓர் அதிகாரம்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? போரைப் பற்றி நேராகப் பேச ஆசிரியர்களுக்குத் தயக்கம் இருக்கிறது; எனக்கும் இருந்தது; யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்கப் பாடத்தின் பயன் அங்கேதான். அது தூரத்தில் இருப்பதால் பயமில்லாமல் கேட்கப் பழகலாம். உலக யுத்த அலகில் பேர்ள் துறைமுகம் வரும்போது இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முதலாவதில் மூன்று கமராக்களின் படங்கள். இரண்டாவதில், நான் சொன்னதுபோல் இரு நிரல் அட்டவணை. பரீட்சைக்கு அது நட்டமில்லை; மூலாதாரக் கேள்விக்குப் பிள்ளை சொந்தமாகப் பதில் எழுதும்.

அதற்குப் பிறகு, விரும்பும் பிள்ளைகள் மட்டும், வீட்டில் தப்பியிருக்கும் ஒரு கடதாசியைப் பற்றி எழுதட்டும். முகாம் குடும்ப அட்டை, விடுகைப் பத்திரம், காணி அனுமதிப்பத்திரம், ஒரு படம், எதுவானாலும் சரி. யார் எழுதியது, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டது? மூலப்பிரதியைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். தொலைபேசியில் படமெடுத்து, மூலத்தை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். யாரையாவது இழந்த வீட்டுப் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பாடசாலைகளும் தங்கள் சேர்வு இடாப்பு, வரவு இடாப்பு, லொக் புத்தகம் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துப் படியெடுத்து வைக்கட்டும். ஒரு பாடசாலை இடம்பெயர்ந்து எந்த மரத்தின் கீழ், எந்தத் தேதியில், எத்தனை பிள்ளைகளோடு நடந்தது என்பது அந்த இடாப்பில்தான் இருக்கும்.

2017 பெப்ரவரியில் இந்த ஊரில் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கோப்பு இருக்கிறது: முறைப்பாட்டுப் பிரதி, கடித எண், ஆணைக்குழுவுக்குப் போன நாள். வயது போகிறது, சிலர் இறந்தும் விட்டார்கள். அந்தக் கோப்புகளை ஒழுங்காக நிரற்படுத்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் நமக்கு வேண்டும். ஐக்கோவுக்கு வொஷிங்டனில் காப்பகம் இருந்தது. நமக்கு அப்படி ஒன்று இல்லாததால், வீட்டுக்கு வீடு வேலை கூடுதல்.

இன்று சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறை நின்ற இடத்துக்கு இவர்கள் வந்துவிட்டார்கள். பெற்றோருக்குப் பேச முடியாததைக் கேட்கும் தூரம் இவர்களுக்கு இருக்கிறது. கேட்கும் முறையை நாம்தான் கொடுக்க வேண்டும். வன்னிப் பிள்ளைக்கு அமெரிக்க வரலாறு எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: பாடப்புத்தகம் மாறும்வரை காத்திருக்காமல், அதை மாற்றக்கூடிய கடதாசிகளை இன்றே சேர்க்கக் கற்றுக்கொள்வதற்கு. அந்தக் கடதாசிகளில் நமக்குச் சாதகமானவையும் இருக்கும், நம்மைக் குற்றம் சாட்டுபவையும் இருக்கும். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கத் துணிந்தவரைத்தான் நான் வரலாற்று மாணவர் என்பேன்.